மேசைமேல் ஒரு மட்டில்டா: போர்விளையாட்டு டாங்கிகளுக்கு ஓர் அறிமுகம்

போர்விளையாட்டு என்றதும் கணினித் திரையில் துப்பாக்கியோடு ஓடும் ஆட்டம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். இது வேறு. ஒரு பெரிய மேசை, அதன்மேல் மணல் நிறத்தில் ஒரு விரிப்பு, தெர்மகோலில் செதுக்கிய நாலைந்து மேடுகள். இரு பக்கமும் உள்ளங்கைக்குள் அடங்கும் டாங்கிகள், லாரிகள், பீரங்கிகள். ஆட்டக்காரர்கள் கையில் அளவுநாடாவும் பகடையும் இருக்கும். வரலாற்றில் நடந்த ஒரு சண்டையை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு இருந்த படைகளையே எதிரெதிரே நிறுத்தி, முறை வைத்து நகர்த்தி ஆடுவார்கள். வரலாற்றில் வந்த முடிவுதான் மேசையிலும் வரவேண்டும் என்று கட்டாயம் கிடையாது. அப்படி வந்துவிட்டால் ஆடுவதற்கு என்ன இருக்கிறது?

இதன் வேர் பழையது. 1824-இல் பிரஷ்ய ராணுவ அதிகாரி கியோர்க் ஃபான் ரைஸ்விட்ஸ், வரைபடத்தின்மேல் சிறு கட்டைகளை நகர்த்திப் போர்ப் பயிற்சி செய்யும் முறையை வகுத்துக் கொடுத்தார். பிரஷ்ய ராணுவம் அதைத் தன் அதிகாரிகளுக்குப் பாடமாக்கிக்கொண்டது. 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டுத் தரையில் ஆடுவதற்கு விதிகள் எழுதிப் புத்தகமாகவே போட்டார். டாங்கிகள் இந்த மேசைக்குக் கூட்டமாக வந்து சேர்ந்தது 1960களில். பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம், பள்ளிக்கூடப் பையன் கைக்காசில் வாங்கக்கூடிய விலையில் பிளாஸ்டிக் கிட்களை, அதாவது பாகம் பாகமாக வாங்கி நாமே ஒட்டிச் சேர்க்கும் பொம்மைகளை, விற்கத் தொடங்கிய காலம் அது.

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தலைகீழாகத் தொடங்குகிறார்கள். எங்கோ ஒரு டைகர் டாங்கியின் பெட்டியைப் பார்ப்பார்கள், அட்டைப்படம் அட்டகாசமாக இருக்கும், வாங்கிவிடுவார்கள். அடுத்த மாதம் ஒரு ஷெர்மன், வேறு அளவில். அதற்கடுத்து ஒரு ரஷ்ய டி-34. ஒரு வருஷத்தில் அலமாரி நிறைந்துவிடும். ஆனால் அவற்றை வைத்து ஒரு ஆட்டம் ஆட முடியாது. ஒன்று 1941-ஐச் சேர்ந்தது, இன்னொன்று 1944. ஒன்று பூனை அளவு, இன்னொன்று எலி அளவு. ஆகவே என் கட்சி இதுதான்: முதலில் சண்டையைத் தேர்ந்தெடுங்கள், பிறகு அளவை, டாங்கியைக் கடைசியில். விளக்க வசதிக்காக மட்டும் அளவை முன்னால் சொல்லிவிடுகிறேன்.

அளவுக் கணக்கு

1/72 என்றால் நிஜ வண்டியின் நீளத்தை 72-ஆல் வகுத்த அளவு. இதில் சிக்கல் இல்லை. ஆனால் போர்விளையாட்டுக்காரர்கள் '28 மில்லிமீட்டர்', '15 மில்லிமீட்டர்' என்றும் பேசுவார்கள். அது சிப்பாய் பொம்மையின் உயரம். அதையும் பாதத்திலிருந்து கண்வரை அளப்பவர்கள் உண்டு, உச்சந்தலைவரை அளப்பவர்கள் உண்டு. நடைமுறையில் 28 மி.மீ. சிப்பாய்களோடு 1/56 வண்டிகள், 20 மி.மீ.யோடு 1/72 அல்லது 1/76, 15 மி.மீ.யோடு 1/100, 6 மி.மீ.யோடு 1/285 அல்லது 1/300 என்று ஜோடி சேர்ப்பார்கள்.

ஒரே டாங்கியை வைத்துப் பார்த்தால் இது எளிதில் புரியும். இரண்டாம் உலகப்போரின் பிரிட்டிஷ் டாங்கி மட்டில்டா, சுமார் 5.6 மீட்டர் நீளம். 1/56-இல் அது 10 செ.மீ. 1/72-இல் 7.8 செ.மீ. 1/76-இல் 7.4. அந்த நாலு மில்லிமீட்டர் வித்தியாசத்தை மேசையில் யாரும் கவனிக்கப்போவதில்லை என்பதால் இந்த இரண்டையும் கலந்துகொள்ளலாம். 1/100-இல் 5.6 செ.மீ. 1/285-இல் இரண்டே செ.மீ.

கடைகளில் அதிகம் கண்ணில் படுவது 1/35. அதில் மட்டில்டா 16 செ.மீ. வரும். அது கண்ணாடி அலமாரியில் வைத்துப் பார்ப்பதற்கான அளவு, ஆட்டத்துக்கு ஒத்துவராது. அந்த விசித்திரமான 35 எங்கிருந்து வந்தது என்பது ஒரு தனிக் கதை. 1961-இல் ஜப்பானின் டாமியா நிறுவனம் மோட்டாரில் ஓடும் பேந்தர் டாங்கி கிட் ஒன்றைச் செய்தது. உள்ளே பேட்டரி அடங்கவேண்டும். அடங்கும்படி செய்தபோது வந்த அளவு ஏறக்குறைய 1/35. கிட் நன்றாக விற்றது, மற்ற நிறுவனங்களும் அதே அளவைப் பிடித்துக்கொண்டன. ஒரு பேட்டரிக்காக உலகமே ஒரு அளவை ஏற்றுக்கொண்டது.

தரையின் அளவும் டாங்கியின் அளவும் ஒத்துப்போகாது என்பதையும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லது. வழக்கமான ஆட்ட மேசை ஆறடிக்கு நாலடி. 1/56 கணக்கில் அந்த ஆறடி நிஜத்தில் சுமார் 100 மீட்டர்தான். பாலைவனத்தில் ஜெர்மானிய 88 மி.மீ. பீரங்கிகள் ஆயிரம் மீட்டருக்கு அப்பாலிருந்தே டாங்கிகளை உடைத்தன. 1/100 அளவில்கூட ஆயிரம் மீட்டர் என்பது 10 மீட்டர். அதாவது பீரங்கியைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் வைக்கவேண்டும். எனவே ஆட்ட விதிகள் தூரத்தைச் சுருக்கிக்கொள்கின்றன. டாங்கி பெரிதாகத் தெரியும், தூரம் சிறிதாக இருக்கும். இதை நினைத்து மனம் சங்கடப்படுகிறவர்கள் 6 மி.மீ.க்குப் போய்விடுவார்கள்; அங்கே ஒரு ரெஜிமெண்டையே ஒரு பிஸ்கட் டப்பாவில் அடக்கிவிடலாம்.

நம் வீடுகளுக்கு எது தோது? எனக்கு 1/100 பிடிக்கும். சாப்பாட்டு மேசையிலேயே ஆடலாம், ஒரு படை முழுவதும் ஒரு ஷூ பெட்டியில் அடங்கும், வண்ணம் தீட்ட ஒரு டாங்கிக்கு ஓரிரு மாலைகள் போதும். நியூசிலாந்தில் உருவான 'ஃபிளேம்ஸ் ஆஃப் வார்' விதிகள் இந்த அளவைப் பரவலாக்கின. பிரிட்டனின் 'போல்ட் ஆக்‌ஷன்' விதிகள் 28 மி.மீ.க்கானவை, சில டாங்கிகள், நிறையச் சிப்பாய்கள், நெருங்கிய சண்டை. எதை எடுத்தாலும் சரி, எடுத்த பிறகு மாறாதீர்கள்.

எந்தச் சண்டை?

இங்கே எடுத்துக்காட்டாக நான் எடுத்துக்கொள்வது வட ஆப்பிரிக்கப் பாலைவனப் போரின் ஒரு விடியற்காலை. 1940 டிசம்பர் 9, எகிப்தில் சிதி பர்ரானிக்குத் தெற்கே நிபெய்வா என்ற இத்தாலிய முகாம்.

அந்த ஆண்டு செப்டம்பரில் இத்தாலியப் படைகள் லிபியாவிலிருந்து எகிப்துக்குள் நுழைந்து, வரிசையாக முகாம்கள் அமைத்து உட்கார்ந்துவிட்டன. ஜெனரல் ரிச்சர்ட் ஓகானரிடம் இருந்த பிரிட்டிஷ் படை சுமார் 36,000 பேர். 'ஆப்பரேஷன் காம்பஸ்' என்று பெயரிட்ட தாக்குதலில் அவர் முகாம்களுக்கு இடையே இருந்த இடைவெளி வழியாக இரவோடு இரவாகப் படையை நுழைத்தார். நிபெய்வாவை நேரே தாக்காமல் வடமேற்கிலிருந்து, அதாவது முகாமின் முதுகுப் பக்கத்திலிருந்து, ஏழாவது ராயல் டாங்கி ரெஜிமெண்டின் மட்டில்டாக்கள் வந்தன. பின்னால் காலாட்படையாக வந்தது நான்காவது இந்திய டிவிஷனின் ஒரு பிரிகேட். அந்த டிவிஷனின் பொறியாளர் பிரிவில் மெட்ராஸ் சாப்பர்களின் ஒரு கம்பெனியும் இருந்தது.

இத்தாலியரின் எம்11/39 டாங்கிகள் முகாமுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தன. குழுவினர் ஏறி எஞ்சினைக் கிளப்புவதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. இத்தாலிய பீரங்கிக்காரர்கள் ஓடவில்லை. கையெட்டும் தூரம்வரை சுட்டார்கள். மட்டில்டாவின் முன்கவசம் 78 மி.மீ. தடிமன். அவர்களிடமிருந்த குண்டுகள் அதைத் துளைக்கவில்லை. முகாமின் தளபதி ஜெனரல் மாலெட்டி அங்கேயே இறந்தார். காலைப்பொழுது முடிவதற்குள் முகாம் விழுந்தது.

தொடக்கக்காரருக்கு இந்தச் சண்டை தோதானது. வண்டி வகை குறைவு, மேசையில் மரம் வீடு எதுவும் செய்யவேண்டாம், அதோடு ஒவ்வொரு வண்டியின் பலமும் பலவீனமும் ஆட்டத்தில் பளிச்சென்று தெரியும். மட்டில்டாவைத் துளைப்பது கடினம். ஆனால் நல்ல சாலையில்கூட மணிக்கு 24 கி.மீ. தாண்டாது. அதன் பீரங்கிக்கு அப்போது கொடுக்கப்பட்டது திண்மக் குண்டுகள்தான், வெடிக்கும் குண்டுகள் கிடையாது. டாங்கியைத் துளைக்கலாம், பதுங்குகுழியில் இருக்கும் காலாட்படையை இயந்திரத் துப்பாக்கியால்தான் அடிக்கவேண்டும். எம்11/39-இன் நிலைமை இன்னும் பரிதாபம். 37 மி.மீ. பீரங்கி சுழலும் தலைப்பகுதியில் இல்லை, உடலில் பொருத்தியிருக்கிறது. தலைப்பகுதியில் இயந்திரத் துப்பாக்கிகள் மட்டும். பக்கவாட்டில் வரும் எதிரியைப் பீரங்கியால் சுடவேண்டுமென்றால் டாங்கியையே திருப்பவேண்டும். மேசையில் இப்படித் திரும்புவது ஒரு முறையைத் தின்றுவிடும். இதை நூறு பக்கம் படித்துப் புரிந்துகொள்வதைவிட, ஒருமுறை ஆடித் தோற்றால் போதும்.

வேறு சண்டை வேண்டுமா, தாராளமாக. 1965 செப்டம்பரில் பஞ்சாபின் அசல் உத்தரில் இந்தியாவின் செஞ்சூரியன்களும் பாகிஸ்தானின் பேட்டன்களும் மோதியதை ஆடுபவர்கள் இருக்கிறார்கள். ஆவடியில் தயாரான விஜயந்தாதான் வேண்டும் என்று அடம்பிடித்தால் முப்பரிமாண அச்சு பக்கம் போய்த் தேடவேண்டியிருக்கும்.

எதை எடுத்தாலும் தேதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 'பாலைவனம்' என்றதும் டைகரை வாங்குகிறவர்கள் அதிகம். டைகர் வட ஆப்பிரிக்காவுக்கு வந்தது 1942-இன் கடைசியில், அதுவும் துனீசியாவுக்கு. எகிப்தில் நடந்த எல் அலமைன் சண்டையில்கூட ஒரு டைகர் இல்லை. உலகம் முழுக்க டைகர்-1 உற்பத்தியானது 1,350-க்கும் குறைவு. ஷெர்மன் 49,000-க்கு மேல். விளையாட்டு மேசைகளை மட்டும் பார்த்தால் கணக்கு தலைகீழ் என்று தோன்றும்.

எத்தனை வாங்குவது?

மூன்று மட்டில்டா. பிரிட்டிஷ் டாங்கிப் படையின் மிகச் சிறிய அலகான 'டிரூப்' என்பதே மூன்று டாங்கிகள்தான். படை எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதைப் பார்த்து வாங்கினால், வாங்கிய ஒவ்வொன்றுக்கும் மேசையில் வேலை இருக்கும். எதிர்ப்பக்கம் மூன்று எம்11/39, இரண்டு பீரங்கிகள், கொஞ்சம் காலாட்படை. எதிர்ப்படையையும் நீங்களே செய்துகொள்ளுங்கள். நம் ஊரில் இந்த ஆட்டம் ஆடுகிறவர் பக்கத்துத் தெருவில் கிடைப்பது அபூர்வம். வந்த விருந்தாளியை உட்காரவைத்து ஆடவேண்டுமென்றால் இரண்டு படையும் உங்களிடம்தான் இருக்கவேண்டும்.

பொருள் மூன்று நான்கு விதம். அச்சில் வார்த்த பிளாஸ்டிக் இலேசானது, ஒட்டுவது எளிது. ரெசின் என்பது வார்ப்பில் ஊற்றி இறுகவைக்கும் பிசின், கனமானது, வார்ப்பிலிருந்து கழற்றுவதற்காகப் பூசிய எண்ணெய்ப்பசை அதன்மேல் இருக்கும், சோப்புத் தண்ணீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவாவிட்டால் பெயிண்ட் உரிந்து வரும். ஈயம் போன்ற உலோகக் கலவையில் வருபவை பழைய ரகம். முப்பரிமாண அச்சில் வருபவற்றில் அடுக்குக் கோடுகள் தெரிகிறதா என்று படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

பசையைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். பிளாஸ்டிக் சிமெண்ட் இரண்டு பரப்பையும் கொஞ்சம் உருக்கி ஒன்றாக்கிவிடும். ரெசினிலோ உலோகத்திலோ அது வேலை செய்யாது. அவற்றுக்கு ஃபெவிக்விக் மாதிரியான பசைதான். பாகங்களை அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து முறிக்காமல் சிறு வெட்டுக்கொறடால் நறுக்கி, மிச்சத்தை நகம் தேய்க்கும் அட்டையால் தேய்த்தால் போதும்.

தலைப்பகுதியை ஒட்டவேண்டாம். ஆட்டத்தில் அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது முக்கியம். சும்மா செருகி வைத்தால் தூக்கும்போதெல்லாம் விழும். உள்ளே இரண்டு பொட்டுக் காந்தங்கள் வைத்து ஒட்டிவிட்டால் சுழலவும் செய்யும், பிடித்தும் நிற்கும். ஒட்டுமுன் காந்தங்கள் ஒன்றையொன்று இழுக்கிறதா தள்ளுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஏரியல் கம்பி, மெல்லிய கைப்பிடி எல்லாம் நாலு ஆட்டத்தில் முறியும். பொம்மையோடு வந்திருந்தாலும் விட்டுவிடலாம்.

வண்ணம்: கைநீட்டும் தூரத்துக்காக

அலமாரிப் பொம்மையை மூக்குக்கு நேரே வைத்துப் பார்ப்பார்கள். ஆட்டப் பொம்மையை இரண்டடி, மூன்றடி தள்ளி நின்று பார்ப்பார்கள். நீங்கள் 60 செ.மீ. தூரத்தில் இருந்து 1/100 டாங்கியைப் பார்ப்பது, நிஜ டாங்கியை 60 மீட்டரில் இருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் காற்றும் தூசியும் நடுவே புகுந்து நிறத்தை வெளிறச் செய்யும். ஆகவே தொழிற்சாலை நிறத்தை அப்படியே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசினால் சின்ன டாங்கி கருத்துப்போய்த் தெரியும். கொஞ்சம் வெள்ளையோ வெளிர்மஞ்சளோ கலந்துதான் பூசவேண்டும்.

இன்னொரு பக்கம், நிஜ டாங்கியில் வெயில் பட்டு ஆழமான நிழல் விழும். ஐந்து செ.மீ. பொம்மையில் மூடிக்கும் மடிப்புக்கும் கீழே அந்த நிழல் விழாது. அதனால் நிழலை நாமே பெயிண்டில் போடுகிறோம், விளிம்பு வெளிச்சத்தையும் நாமே போடுகிறோம். நிறத்தை மங்க வைத்து, நிழலை மிகைப்படுத்துவது. இந்த இரண்டையும் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் கைப்பழக்கம்.

முதல் டாங்கியாக மட்டில்டாவைச் சிபாரிசு செய்வதற்கு ஒரு சோம்பேறித்தனமான காரணமும் உண்டு. அதன் சக்கரங்களைப் பக்கக் கவசத் தகடு மூடியிருக்கும். டாங்கி தீட்டுவதில் உயிரை எடுக்கும் வேலை சின்னச் சின்னச் சக்கரங்கள்தான். இங்கே அது ஏறக்குறைய இல்லவே இல்லை.

பெயிண்ட் பிடித்து நிற்பதற்கான அடிப்பூச்சான பிரைமர் முதலில். சாம்பல் நிற ஸ்பிரே பிரைமர் போதும். மழைக்கால ஈரக்காற்றில் அடித்தால் பரப்பு மணல்தாள் மாதிரி சொரசொரக்கும்; மே மாத நண்பகலில் மொட்டைமாடியில் அடித்தால் துளி பொம்மையை அடையுமுன்பே காய்ந்து தூளாக ஒட்டும். காலை எட்டு ஒன்பது மணிதான் நல்ல நேரம். பெயிண்ட் தண்ணீரில் கரையும் அக்ரிலிக். பள்ளிக்கூட டியூப் பெயிண்டில் நிறத்துகள் பருமனாக இருக்கும், ஆணிமுனை அளவு ரிவெட் எல்லாம் மூழ்கிப்போகும். மினியேச்சருக்கென்று வரும் சிறு குப்பிகள் விலை அதிகம்தான், ஆனால் ஒரு குப்பியில் ஒரு படையே தீட்டலாம். காற்றழுத்தத்தால் பெயிண்டைத் தூவும் ஏர்பிரஷ் இப்போது வேண்டாம்.

இனி நிறம். 1940-41 பாலைவனத்தில் பிரிட்டிஷ் டாங்கிகள் போட்டிருந்த வேஷத்துக்கு 'கான்டர்' முறை என்று பெயர்; பிரிகேடியர் கான்டர் என்ற அதிகாரியின் பெயரால் வந்தது. வளைவு நெளிவு இல்லாமல், நேர்கோடுகளால் வெட்டிய சாய்வான பட்டைகள். மூன்று நிறம்: வெளிர்மணல் நிறமான போர்ட்லண்ட் ஸ்டோன், வெள்ளிச்சாம்பல், கரும்பலகைச் சாம்பலான ஸ்லேட். டாங்கியின் உருவக்கோட்டை உடைத்து, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்று எதிரியைக் குழப்புவதே நோக்கம். 1941-இன் கடைசிப் பகுதியில் இதைக் கைவிட்டு ஒற்றை மணல் நிறத்துக்குப் போய்விட்டார்கள்.

இந்த மூன்றில் நடு நிறத்தைப் பற்றி ஆர்வலர்கள் பல வருஷம் அடித்துக்கொண்டார்கள். பழைய கிட் பெட்டிகளில், பெயிண்ட் குறிப்புகளில், ஏன், சில அருங்காட்சியகங்களில் புதுப்பித்து வைத்த நிஜ டாங்கிகளிலேயே அது வெளிர்நீலமாக இருக்கும். பாலைவனத்தில் நீலமா என்று கேட்டால், 'வானத்தோடு கலக்க' என்று பதில் சொல்வார்கள். பிறகு ராணுவ உத்தரவுகளையும் பிரிட்டிஷ் நிறத்தரப் பட்டியல்களையும் தோண்டிப் பார்த்தவர்கள் அது பச்சை கலந்த வெள்ளிச்சாம்பல்தான் என்று காட்டினார்கள். மஞ்சள் மணல் நிறத்துக்குப் பக்கத்தில் எந்தச் சாம்பலை வைத்தாலும் கண்ணுக்குக் கொஞ்சம் நீலமாகத் தெரியும். அதுவும் குழப்பத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம். உங்கள் மட்டில்டாவுக்கு வெளிர்சாம்பலில் ஒரு துளி பச்சை கலந்துகொள்ளுங்கள். மேசையில் வைத்ததும் அது தானாக நீலம் காட்டும்.

வேலை இப்படிப் போகும். டாங்கி முழுவதும் மணல் நிறத்தை இரண்டு மெல்லிய பூச்சாகப் பூசுங்கள். நன்றாகக் காய்ந்தபின் கூர்மையான பென்சிலால் பட்டைகளின் எல்லையைக் கோடு போடுங்கள்; பக்கக் கவசத்தில் தொடங்கிய கோடு மேல்தளம் ஏறித் தலைப்பகுதிவரை போகவேண்டும். அதில்தான் இந்த முறையின் அழகே இருக்கிறது. தலைப்பகுதியை நேராகத் திருப்பி வைத்துக்கொண்டு கோடு போடுங்கள், பிறகு சண்டையில் அது திரும்பும்போது கோடு உடைவதுதான் சரி. வெள்ளிச்சாம்பலை முதலில் நிரப்பி, கடைசியில் ஸ்லேட். பென்சில் கோட்டுக்கு அரை மில்லிமீட்டர் உள்ளே பிரஷ்ஷின் வயிற்றால் நிரப்பிவிட்டு, நுனியால் எல்லைக்குத் தள்ளிச் செல்லுங்கள். கை நடுங்கி வெளியே போனால் கவலை வேண்டாம், மணல் நிறத்தால் திரும்ப வெட்டிவிடலாம். 1/100 அளவில் டேப் ஒட்டி மறைப்பதைவிட இது வேகம்.

அடுத்தது வாஷ். அடர்பழுப்பு மைபோல நீர்த்த ஒரு திரவம். பள்ளங்களில் ஓடித் தேங்கி நிழலாகிவிடும். டாங்கி முழுக்கக் குளிப்பாட்டினால் வெளிர் நிறங்கள் அழுக்கேறிப்போகும். மூடிகளின் ஓரம், தகடுகள் சேரும் கோடு, பக்கக் கவசத்தில் சேறு வழிந்து விழுவதற்காக விட்டிருக்கும் சரிவுத் திறப்புகள், இவற்றில் மட்டும் நுனிப்பிரஷ்ஷால் தொட்டு வையுங்கள். காய்ந்தபின் டிரை பிரஷ். பழைய தட்டைப் பிரஷ்ஷில் வெளிர் கிரீம் நிறத்தைத் தொட்டு, காகிதத்தில் துடைத்து, ஏறக்குறைய நிறமே இல்லை என்று தோன்றும்போது விளிம்புகளின்மேல் லேசாக ஓட்டுங்கள். தட்டையாகக் கிடந்த டாங்கிக்குச் சட்டென்று உருவம் வந்துவிடும்.

சங்கிலிப் பட்டைகளுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடிக்காதீர்கள், துருவும் வேண்டாம். ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியின் பட்டையை மணலே தேய்த்துக்கொண்டிருக்கும். அடர்பழுப்புச் சாம்பல் பூசி, தரையைத் தொடும் மேடுகளில் மட்டும் 2பி பென்சிலை உரசுங்கள். அந்தக் கிராஃபைட் மினுமினுப்பு எந்த உலோகப் பெயிண்டைவிடவும் நன்றாக இருக்கும். பின்புறப் புகைக்குழாய்களுக்குக் கொஞ்சம் துரு கொடுக்கலாம்.

தூசிதான் பாலைவன டாங்கியின் கடைசி உடை. ஐரோப்பியக் காட்சிகளைப் பார்த்துவிட்டுச் சேற்றுப் பழுப்பை அப்பக்கூடாது. வெளிர்மணல் நிறச் சாக்பீஸைத் தூளாக்கி, பக்கக் கவசத்தின் கீழ்ப்பாதியிலும் பின்பக்கத்திலும் பிரஷ்ஷால் தடவினால் போதும்.

பெயரும் எழுதவேண்டும். ராயல் டாங்கி ரெஜிமெண்டில் ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் டாங்கிகளுக்குப் பெயர் வைத்தார்கள். நான்காவது ரெஜிமெண்டுக்கு நான்காம் எழுத்தான 'டி', ஏழாவதுக்கு ஏழாம் எழுத்தான 'ஜி'. நிபெய்வாவுக்குப் போன வண்டிகளுக்கு 'ஜி'யில் தொடங்கும் பெயர்கள். 1/100-இல் இந்தப் பெயரைக் கையால் எழுத முயல்வது வீண் வேலை, டீகால் என்ற மெல்லிய ஒட்டுப்படம் கிடைத்தால் ஒட்டுங்கள். ஒட்டுமிடத்தில் முதலில் பளபளப்பு வார்னிஷ் ஒரு தொடு. இல்லையென்றால் படலத்தின் ஓரம் வெள்ளிபோல மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும். மேல்மூடியைத் திறந்து ஒரு தளபதியை நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள், கருப்பு பெரே தொப்பியோடு. ராயல் டாங்கி ரெஜிமெண்டின் அடையாளமே அந்தக் கருப்புத் தொப்பிதான். ஒரு மனித முகம் தெரிந்தால் டாங்கியின் அளவு கண்ணுக்கு உறைக்கும்.

பின்னால் ஜெர்மானியப் படை செய்யப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியில் போடுவதற்குக் கருப்பு வெள்ளைச் சிலுவைக் குறி போதும். நாஜிச் சின்னத்தைப் போட்டால்தான் வரலாறு என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதற்குச் சட்டத் தடையே இருக்கிறது, பல நிறுவனங்கள் பெட்டிப் படத்திலிருந்தும் டீகாலிலிருந்தும் அதை எடுத்துவிட்டன.

எல்லாம் முடிந்ததும் மேட் வார்னிஷ், இரண்டு மெல்லிய பூச்சு. ஆட்டப் பொம்மையை எல்லோரும் கையால் எடுப்பார்கள், விரல் எண்ணெய் நாளடைவில் பெயிண்டைத் தின்னும். எடுக்கும்போது பீரங்கிக் குழாயைப் பிடிக்காமல் உடலைப் பிடித்துத் தூக்கும்படி நண்பர்களிடம் சொல்லி வையுங்கள். கேட்கமாட்டார்கள்.

எதிர்ப்பக்கம்

இத்தாலிய டாங்கிகள் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிடலாம். மணல் நிறம், வாஷ், டிரை பிரஷ், அவ்வளவுதான். உழைப்பைக் குறிகளுக்கு வையுங்கள். இத்தாலியர் தலைப்பகுதியில் சிறு செவ்வகம் வரைவார்கள்: முதல் கம்பெனிக்குச் சிவப்பு, இரண்டாவதுக்கு நீலம், மூன்றாவதுக்கு மஞ்சள். அதன்மேல் நிற்கும் வெள்ளைக் கோடுகளின் எண்ணிக்கை எத்தனையாவது பிளட்டூன் என்று சொல்லும். கையாலேயே போட்டுவிடலாம், மேசையில் யாருடைய வண்டி எது என்று அடையாளம் காணவும் உதவும்.

முதல் ஆட்டத்துக்கு இந்த ஏற்பாட்டைச் செய்து பாருங்கள். மேசை நடுவே முகாம், அதன் வடமேற்கு மூலைக்கு வெளியே எம்11/39-கள் மூன்றும் ஆள் ஏறாமல் நிற்கட்டும். மட்டில்டாக்கள் வடமேற்கு விளிம்பிலிருந்து நுழையட்டும். இத்தாலிய ஆட்டக்காரர் தன் ஒவ்வொரு முறையிலும் டாங்கிக்கு ஒரு பகடை உருட்டவேண்டும்; 5 அல்லது 6 விழுந்தால் அந்த டாங்கிக்கு ஆள் ஏறிவிட்டது, எஞ்சின் கிளம்பிவிட்டது. பீரங்கிகள் முதல் முறையிலிருந்தே சுடலாம். ஆறு முறைக்குள் முகாம் நடுவே ஒரு மட்டில்டா வந்து நின்றால் பிரிட்டிஷ் வெற்றி. இத்தாலியருக்கு இது அநியாயம் என்று தோன்றினால் பகடை எண்ணை 4-ஆகக் குறைத்துக்கொள்ளுங்கள், அல்லது முகாமைச் சுற்றி ஒரு பக்கம் கண்ணிவெடி வயல் கொடுங்கள். முகாமின் பின்பக்கம் மட்டும் திறந்தே இருக்கட்டும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது, தங்கள் லாரிகள் வந்துபோவதற்காக.